ஆய்வகத்துக்கு எழுதும் முன்: வேதாளை வாசகிக்கு ஒரு பதில்

கேள்வி: அக்கா, எனக்கு ஊர் மண்டபம் பக்கம் வேதாளை. அப்பா நாட்டுப்படகில் நண்டுவலை போடுகிறார். ராமநாதபுரத்தில் எம்.எஸ்சி. விலங்கியல் முடித்துவிட்டேன். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் வனவிலங்கு ஆய்வகத்தில் எம்.எஸ்., பிஎச்.டி. மாணவர்களுக்கும் போஸ்ட்டாக் (பிஎச்.டி.க்குப் பிந்தைய) ஆய்வாளர்களுக்கும் இடம் இருப்பதாக ஓர் அறிவிப்புப் பார்த்தேன். நம் நாட்டிலும் அப்படி உண்டா? நிறையப் பேராசிரியர்களுக்கு மெயில் போட்டேன், ஒருவர்கூடப் பதில் போடவில்லை. என் ஆங்கிலம் சுமார்தான். கல்லூரியில் ஸ்லைடும் ஸ்பெசிமனும் பார்த்ததைத் தவிர வேறு அனுபவம் இல்லை. கடலுக்குப் போகிற வேலை என்றால் அம்மா விடமாட்டார்கள்; வனவிலங்கு ஆய்வகம் என்றதும் கூண்டில் புலி நிற்கும் என்று வேறு நினைக்கிறார்கள். என் மதினி கடல் உயிரியலில் பிஎச்.டி. முடித்தவர். குழந்தை பிறந்தபின் மூன்று வருடமாக வீட்டில் இருக்கிறார். அவருக்கும் ஏதாவது வழி உண்டா?

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

பேராசிரியர்களுக்கு அனுப்பிய மெயிலின் நகலையும் கடிதத்தோடு வைத்தீர்களே, நல்லதாகப் போயிற்று. ஆங்கிலத்தை நினைத்துப் பயப்படுகிறீர்கள். அதில் இரண்டு மூன்று பிழை இருக்கிறது, அதற்காக யாரும் உங்களை ஒதுக்கவில்லை. "சிறுவயது முதலே வனவிலங்குகள் மீது தீராத ஆர்வம் கொண்ட நான், தங்கள் புகழ்பெற்ற ஆய்வகத்தில் சேர்ந்து பணியாற்ற விழைகிறேன்" என்பதுதான் அந்த மெயிலின் சாரம். இதை யானை ஆராய்கிறவருக்கும் அனுப்பலாம், எறும்பு ஆராய்கிறவருக்கும் அனுப்பலாம். அனுப்பியும் இருக்கிறீர்கள்; எல்லோருடைய முகவரியும் மேலே வரிசையாகத் தெரிகிறது. ஒவ்வொருவரும் அதைப் பார்த்துவிட்டு, வேறு யாராவது பதில் போடட்டும் என்று விட்டிருப்பார்கள். நானாக இருந்தாலும் அப்படித்தான் விட்டிருப்பேன்.

முதலில் அம்மாவின் புலியை விரட்டிவிடுவோம். பல்கலைக்கழக வனவிலங்கு ஆய்வகம் என்பது பெரும்பாலும் ஒரு பேராசிரியர், சில பிஎச்.டி. மாணவர்கள், கொடுத்துவைத்திருந்தால் ஒரு போஸ்ட்டாக், களத்தில் வேலை செய்யும் ஓரிரு உதவியாளர்கள், இரண்டு மேசை, நிறையக் கணினி. விலங்கு எதுவும் அங்கே இருக்காது. விலங்கு காட்டிலோ கடலிலோ கண்மாயிலோ இருக்கும். ஆய்வகத்துக்கு வருவது அதைப் பற்றிய கணக்குதான். தானியங்கிக் கேமராவில் விழுந்த படங்கள், ஒலிப்பதிவுக் கருவியில் சிக்கிய குரல்கள், ஆமை முதுகில் ஒட்டிய செயற்கைக்கோள் கருவி அனுப்பும் இடக்குறிப்புகள், தண்ணீரில் கலந்திருக்கும் டி.என்.ஏ. இப்படிப்பட்டவை. ஒரு மாதம் களம் என்றால் மூன்று மாதம் நாற்காலி. விலங்கோடு விளையாடலாம் என்று வருகிறவர்கள் முதல் வருடமே ஓடிப்போவதற்கு இதுதான் காரணம்.

இந்த ஆய்வகங்களில் இடம் எப்படி உருவாகிறது என்று தெரிந்துகொண்டால் உங்கள் கேள்வியில் பாதி தீர்ந்துவிடும். பேராசிரியர் ஒரு கேள்வியை எழுதி, அரசிடமோ ஓர் அறக்கட்டளையிடமோ பணம் கேட்கிறார். கிடைத்தால் பெரும்பாலும் மூன்று வருடத்துக்கு. அந்தப் பட்ஜெட்டில் ஒரு ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வாளர்), ஒரு கள உதவியாளர் என்று வரிகள் இருக்கும். அந்த வரிதான் நீங்கள் கேட்கிற இடம். அந்தப் பணம் எந்தக் கேள்விக்காக வந்ததோ அதற்குப் பொருந்துகிற ஆளைத்தான் அவரால் எடுக்க முடியும். இன்னொரு வழி, நீங்களே நெட் (தேசியத் தகுதித் தேர்வு) போன்ற தேர்வில் உதவித்தொகை வாங்கிக்கொண்டு போவது. அப்போது அவருக்குப் பணக்கவலை இல்லை, உங்கள் கேள்வியை மட்டும் பார்ப்பார். இரண்டு வழியிலும் கேள்வி இல்லாமல் போனால் வேலைக்காகாது.

உங்கள் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில், ஏதோ ஊர்க்கதை எழுதுவதுபோல ஒரு பத்தி எழுதியிருக்கிறீர்கள். அப்பாவின் நண்டுவலையில் சில மாதங்களில் பேராமை (பச்சைக் கடலாமை) மாட்டும், வலையை அறுத்துத்தான் விடவேண்டியிருக்கும், வலை போன நஷ்டம் யாருக்கும் தெரியாது என்று. மெயிலில் இதில் ஒரு சொல்கூட இல்லை! தாழை, அதாவது கடற்புல், படர்ந்த இடத்தில்தான் நண்டு அதிகம், தாழையை மேயத்தான் பேராமையும் வருகிறது. ஆக, வலையும் ஆமையும் ஒரே இடத்தில் சந்திப்பது தற்செயல் அல்ல. எந்த மாதம், எத்தனை பாகம் (கடலாழத்தை அளக்கும் அளவு) ஆழம், எந்தக் கண்ணளவு வலை, எவ்வளவு நேரம் கடலில் கிடந்தது, ஆமை உயிரோடு இருந்ததா, வலைக்கு எவ்வளவு சேதம்? இவற்றைப் பத்து படகுகளிலிருந்து ஒரு வருடம் முறையாகக் குறித்தால் அது முழுமையான ஓர் ஆய்வு. விசைப்படகுக்கு ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலம். நாட்டுப்படகுக்கு அது கிடையாது. அந்த நாட்களில் ஆமை மாட்டுவது கூடுகிறதா குறைகிறதா என்பது அதற்குள்ளேயே இன்னொரு கேள்வி. டேராடூனிலோ பெங்களூரிலோ இருக்கிற ஒரு மாணவர் இந்தக் கணக்கைத் தொடங்குவதற்கு முன், பத்து படகுக்காரர்களிடம் பழகவே ஒரு வருடம் ஆகும்.

உங்கள் கடற்கரையில் இப்படிக் கேள்விகள் கொட்டிக் கிடக்கின்றன. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. மனோலித் தீவும் முயல் தீவும் உங்கள் ஊருக்கு நேரே நிற்கின்றன. ஊரில் எல்லோரும் பெப்சி பாசி என்று சொல்கிற கப்பாஃபைகஸ் பாசி, வளர்ப்புக்காக வெளியிலிருந்து கொண்டுவரப்பட்டது. அது குருசடைத் தீவுப் பக்கம் பவளப்பாறை மேல் ஏறிவிட்டது என்று 2008இல் எழுதியவர்கள் மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள். நம் பக்கத்துப் பல்கலைக்கழகம்! அந்தப் பாசி இப்போது எங்கெல்லாம் நிற்கிறது என்பதைப் பாசி எடுக்கப் போகிற பெண்களைவிடத் துல்லியமாக யார் சொல்ல முடியும்? கடல் வேண்டாம் என்றால் கண்மாய் இருக்கிறது. சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் முன்பே சேர்ந்தவை. சக்கரக்கோட்டையும் தேர்த்தங்கலும் 2025இல் சேர்ந்தன. தண்ணீர் நிற்கிற வருடம், நிற்காத வருடம், கருவேல மரத்தில் கூடு கட்டுகிற பறவைகளின் எண்ணிக்கை என்று இருபது வருடத்துக்கு வேலை கிடக்கிறது. எது உங்களுக்குப் பிடிக்கும் என்பதை நான் சொல்ல முடியாது. ஆனால் நண்டுவலைப் பத்தியை எழுதும்போது உங்கள் கையெழுத்தே வேகமாகிவிட்டது, அதைக் கவனித்தேன்.

இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். ஊர்ப்பிள்ளை என்பது உங்கள் பலம், அதுவே ஆபத்தும்கூட. பேராமை, ஆவுளியா என்கிற கடற்பசு, கடல் அட்டை, கடல் குதிரை எல்லாம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் மிகக் கடுமையான பாதுகாப்புள்ள முதல் அட்டவணையில் இருப்பவை. கடல் அட்டை 2001இல் தடைப்பட்டியலில் சேர்ந்தபோது எத்தனை வீட்டில் அடுப்பு அணைந்தது, அதன்பின் எத்தனை பேர்மீது வழக்கு விழுந்தது என்று உங்கள் ஊரில் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். அப்படிப்பட்ட ஊரில் ஒருவர் நோட்டுப்புத்தகத்தோடு வந்து "உங்கள் வலையில் ஆமை மாட்டியதா" என்று கேட்டால், ஃபாரஸ்ட்காரர் அனுப்பிய ஆள் என்றுதான் நினைப்பார்கள். நீங்கள் கேட்டால் நம்பிச் சொல்வார்கள். சொன்னது நாளை ஒரு கட்டுரையில் படகு எண்ணோடு, ஊர்ப்பெயரோடு, ஜி.பி.எஸ். புள்ளியோடு வந்துவிட்டால்? சித்தப்பா முறையுள்ள ஒருவர்மீது வழக்கு வந்தால் நீங்கள் அந்தத் தெருவில் எப்படி நடப்பீர்கள்?

ஆகவே எந்த ஆய்வகத்தில் சேர்ந்தாலும் முதலில் கேளுங்கள்: மனிதர்களிடம் தகவல் வாங்குவதற்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இருக்கிறதா? தகவல் சொன்னவர் பெயர் எங்கே, யாரிடம் இருக்கும்? வெளியிடும்போது இடத்தை எவ்வளவு தூரம் பொதுவாக்குவீர்கள்? இதற்குச் சரியான பதில் இல்லாத இடத்தில் நேர்காணல் வேலை செய்யாதீர்கள். கேமராவும் டிரோனும் வைத்திருக்கிற சில பெரிய ஆய்வகங்கள்கூட இந்த விஷயத்தில் இன்னும் அசட்டையாகத்தான் இருக்கின்றன.

அனுமதியைப் பற்றியும் இதோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். தேசியப் பூங்காவுக்குள்ளோ சரணாலயத்துக்குள்ளோ ஆய்வு செய்யத் தலைமை வனஉயிரினக் காப்பாளரின் எழுத்து அனுமதி வேண்டும். தனுஷ்கோடியில் பூநாரைகள் வந்திறங்கும் பகுதியும் 2025 முதல் சரணாலயம்தான், அங்கேயும் இதே விதி. முதல் அட்டவணை விலங்கைப் பிடிக்கவோ மாதிரி எடுக்கவோ மத்திய அரசு வரைக்கும் போகவேண்டும். கரையில் செத்து ஒதுங்கிய ஆவுளியாவும் அரசின் சொத்து. அதன் ஒரு பல்லை நினைவுக்கு என்று எடுத்து வைத்தாலும் குற்றம். மாதிரியை வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவதானால் உயிரியல் பன்மைச் சட்டம் தனியாக வரும்; அதற்கான தேசிய ஆணையம் சென்னையில் இருக்கிறது. அனுமதி வாங்குவது பேராசிரியரின் வேலை. "நீ உள்ளூர்தானே, சும்மா போய் எடுத்துட்டு வந்துடு" என்று யாராவது சொன்னால் அந்த ஆய்வகத்தை அன்றே மறந்துவிடுங்கள். மாட்டிக்கொள்வது நீங்களாக இருப்பீர்கள், அவர் ஊரில் இருக்கமாட்டார்.

இனி அந்த மெயிலைத் திருத்துவோம். ஒரு நேரத்தில் ஒருவருக்கு மட்டும். அவர் எழுதிய கட்டுரைகளில் இரண்டையாவது முழுதாகப் படித்துவிட்டு. முதலில் தமிழிலேயே எழுதிப் பாருங்கள், ஏறக்குறைய இப்படி:

"அம்மா, நான் மன்னார் வளைகுடாக் கரையில் வேதாளை என்ற மீனவ ஊரைச் சேர்ந்தவள், எம்.எஸ்சி. விலங்கியல் படித்தவள். எங்கள் ஊர் நண்டுவலைகளில் பேராமை மாட்டுவது சில மாதங்களில் அதிகமாக இருக்கிறது. அது தாழைப் பரப்பின் ஆழத்தைப் பொறுத்ததா, வலை கடலில் கிடக்கும் நேரத்தைப் பொறுத்ததா என்று அறிய விரும்புகிறேன். வலையில் தற்செயலாகச் சிக்கும் விலங்குகளைப் பற்றிய உங்கள் கட்டுரையில் பயன்படுத்திய நேர்காணல் முறை இங்கே பொருந்தும் என்று நினைக்கிறேன். ஆனால் எங்கள் பக்கம் வலையை மாலையில் போட்டு விடியலில் எடுப்பதால் ஒரு மாற்றம் தேவைப்படலாம். உங்களிடம் திட்ட உதவியாளர் இடமோ, பிஎச்.டி. இடமோ வரும் வருடத்தில் இருக்குமா? நான் நெட் தேர்வுக்குத் தயாராகிறேன். என் விவரக்குறிப்பை இணைத்திருக்கிறேன்."

அவ்வளவுதான். இதை எளிய ஆங்கிலத்தில் சின்னச் சின்ன வாக்கியமாக மாற்றுங்கள். உங்கள் மதினியை ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள், அவருக்கும் கை பழகும். செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்து மெருகேற்ற வேண்டாம். மறுபடியும் அந்தத் தீராத ஆர்வம் வந்து உட்கார்ந்துகொள்ளும். இரண்டு வாரத்தில் பதில் வராவிட்டால் இரண்டு வரியில் நினைவூட்டுங்கள். அதற்கும் வராவிட்டால் அடுத்தவர். பதில் வராதது பெரும்பாலும் உங்களைப் பற்றிய தீர்ப்பு அல்ல. பணம் இல்லாத பேராசிரியர் இல்லை என்று எழுதக்கூட நேரமில்லாமல் திரிவார்.

எங்கெல்லாம் எழுதலாம்? வெளிநாட்டு அறிவிப்பைப் பார்த்து மயங்குவதற்கு முன் தொண்டியைப் பாருங்கள். அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல், கடலோரப் பகுதி ஆய்வுத் துறை உங்கள் மாவட்டத்திலேயே, பாக் விரிகுடாக் கரையில் இருக்கிறது. மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையம் இருக்கிறது. அந்த நிறுவனத்தின் தலைமையகமே 1971இல் கொச்சிக்குப் போகும்வரை மண்டபத்தில்தான் இருந்தது. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம், தூத்துக்குடியில் பவளப்பாறைக்குப் பெயர்பெற்ற சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம். வனவிலங்கு உயிரியல் என்று தனிப் பட்டமாகவே படிக்க நினைத்தால் மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியும் ஊட்டி அரசு கலைக் கல்லூரியும் உண்டு. ஆனால் உங்களுக்கு இன்னொரு எம்.எஸ்சி. தேவையில்லை என்பது என் எண்ணம். டேராடூன் இந்திய வனவிலங்கு நிறுவனம் ஆவுளியாவுக்கான திட்டத்தில் உங்கள் கரையிலேயே ஆட்களை வைத்து வேலை செய்திருக்கிறது, மீனவர்களையும் அதில் சேர்த்திருக்கிறது. அவர்களுடைய வேலை அறிவிப்புகளை மாதம் ஒருமுறையாவது பாருங்கள். கோவையில் இருக்கிற சாலிம் அலி மையமும் இப்போது அந்த நிறுவனத்தோடு சேர்ந்ததுதான்.

என்னைக் கேட்டால், நேரே பிஎச்.டி.யில் குதிக்காதீர்கள். ஒரு வருடம் திட்ட உதவியாளராக இருங்கள். சம்பளம் பிஎச்.டி. உதவித்தொகையைவிடக் குறைவாக இருக்கலாம், பரவாயில்லை. ஆய்வகத்துக்குள் எப்படிப் பேசுகிறார்கள், கைடு மாணவர்களை எப்படி நடத்துகிறார், கட்டுரையில் யார் பெயர் போடுகிறார் என்பதெல்லாம் உள்ளே இருந்தால்தான் தெரியும். பிஎச்.டி. ஐந்து வருடக் கல்யாணம்; மாப்பிள்ளை வீட்டை முன்பே ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. அந்த வருடத்திலேயே நெட் எழுதிவிடலாம். அறிவியல் பாடங்களுக்கான சி.எஸ்.ஐ.ஆர். நெட்டின் உயிர் அறிவியல் பாடத்திட்டத்தில் 10, 11ஆம் அலகுகள் சூழலியலும் பரிணாமமும் விலங்கு நடத்தையும். 13ஆம் அலகில் முறைகள். உங்கள் வேலையே உங்களுக்குப் பாடமாகிவிடும். ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், பிறகு எஸ்.ஆர்.எஃப். (முதுநிலை ஆய்வாளர்) ஆனபின் 42,000, வீட்டு வாடகைப்படி தனி. 2023 ஜனவரி முதல் இருக்கிற தொகை இது. ஜே.ஆர்.எஃப். கிடைக்காவிட்டாலும் நெட் மதிப்பெண்ணை வைத்து பிஎச்.டி. சேர்க்கைக்கு விண்ணப்பிக்கலாம் என்பது 2024இல் வந்த மாற்றம். தமிழக அரசின் முதலமைச்சர் ஆராய்ச்சி உதவித்தொகைக்குத் தனித் தேர்வு இருக்கிறது, அதையும் விடாதீர்கள்.

மாலை நேரங்களில் புள்ளியியலுக்கான 'ஆர்' மென்பொருளும் வரைபடத்துக்கான 'க்யூஜிஸ்'ஸும் பழகுங்கள். இரண்டும் இலவசம். விண்ணப்பத்தில் "விலங்குகள் மேல் பாசம்" என்பதைவிட "ஆரில் தரவைப் படமாக்கத் தெரியும்" என்கிற வரிக்கு மதிப்பு அதிகம், வருத்தமாக இருந்தாலும் அதுதான் நிலைமை.

பணம் கட்டிச் சேரும் 'இன்டர்ன்ஷிப்'புகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். பத்தாயிரம் பதினைந்தாயிரம் வாங்கிக்கொண்டு, இரண்டு வாரம் கடற்கரையில் நடக்கவிட்டு, தங்க எழுத்தில் சான்றிதழ் கொடுக்கிறவர்கள் பெருகிவிட்டார்கள். அந்தச் சான்றிதழை எந்தத் தேர்வுக்குழுவும் பொருட்படுத்துவதில்லை. இன்னும் படித்துக்கொண்டிருக்கிற உங்கள் கல்லூரித் தங்கைகளிடம் மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வு உதவித்தொகையைப் பற்றிச் சொல்லுங்கள். இரண்டு மாதம், அவர்களே பணம் தருவார்கள், விண்ணப்பம் முந்தின வருடக் கடைசியில் முடிந்துவிடும்.

வெளிநாட்டு அறிவிப்புக்கு வருகிறேன். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் வனவிலங்குத் துறை எம்.எஸ். என்றால் பெரும்பாலும் ஆய்வேட்டோடு கூடிய பட்டம். பேராசிரியர் தன் திட்டப் பணத்திலோ, வகுப்பில் உதவி ஆசிரியராக வைத்தோ உங்கள் கட்டணத்தையும் செலவையும் பார்த்துக்கொள்கிற ஏற்பாடு அங்கே சகஜம். அதனால்தான் முதலில் பேராசிரியர் சம்மதிக்க வேண்டும், பல்கலைக்கழக விண்ணப்பம் அப்புறம். ஆகஸ்டில் சேர்வதற்கு முந்தின டிசம்பர், ஜனவரியிலேயே விண்ணப்பம் முடிந்துவிடும். ஆகவே பேராசிரியருக்கு ஆகஸ்ட், செப்டம்பரில் எழுதவேண்டும். பணம் இல்லை, சேர்க்கை மட்டும் தருகிறோம் என்றால் போகாதீர்கள். படகை அடகு வைத்துப் படிக்கிற படிப்பு இது இல்லை. கடற்பசுவுக்குத்தான் போவேன் என்று ஒரு நாள் முடிவு செய்தால் ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில் நகரில் இருக்கும் ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். ஹெலீன் மார்ஷ் பல பத்தாண்டுகளாகக் கடற்பசுவை ஆராய்ந்த இடம் அது. நம் ஊரில் வேலை செய்த இரண்டு வருட அனுபவத்தோடு போனால் அங்கே உங்கள் பேச்சுக்குக் காது கிடைக்கும்.

அம்மா விஷயம். கடலுக்குப் போகாமலே நான் மேலே சொன்ன நண்டுவலை ஆய்வைச் செய்யலாம்; படகு கரை சேரும் இடத்தில் விடியலில் நின்றால் போதும். அம்மாவுக்கு இதை முதலில் சொல்லுங்கள். ஆனால் நீங்கள் நீச்சல் கற்றுக்கொள்ள வேண்டும், இதில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். பாசி எடுக்கும் பெண்கள் மூச்சுப் பிடித்து மூழ்குகிற அதே கரையில், படித்த பெண்கள் பலருக்கு நீச்சல் தெரியாது. பாம்பன் பக்கம் சின்னப்பாலத்தில் போய்க் கேளுங்கள், கற்றுத்தர ஆள் இல்லாமலா போகும். அங்கேயிருந்து பாசி எடுக்கும் பெண்களுக்காகப் பேசிய லட்சுமி மூர்த்திக்கு 2015இல் சர்வதேச அளவில் சீகாலஜி விருதே கிடைத்தது. அம்மாவிடம் அதையும் சொல்லிவைக்கலாம். ஆய்வகத்தில் சேரும்போது, களத்துக்குத் தனியாக அனுப்புவார்களா, துணை உண்டா, படகில் உயிர்காப்பு அங்கி உண்டா, காப்பீடு உண்டா, பெண்கள் புகார் சொல்லும் உள்புகார்க் குழுவில் யார் யார் என்று கூச்சப்படாமல் கேளுங்கள். முகம் சுளிக்கிற பேராசிரியரை விட்டுவிடலாம்.

மதினிக்கு வேறு கணக்கு. மாணவரை எடுக்கும்போது இவருக்கு நாம் என்ன கற்றுத்தரலாம் என்று பார்ப்பார்கள். போஸ்ட்டாக்கை எடுக்கும்போது இவர் நமக்கு என்ன கொண்டுவருவார் என்று பார்ப்பார்கள். மூன்று வருட இடைவெளியைவிட, ஆய்வேட்டிலிருந்து வெளிவராமல் கிடக்கும் அதிகாரங்கள்தான் அவருக்குத் தடை. ஒரே ஒரு அதிகாரத்தைக் கட்டுரையாக்கி ஓர் இதழுக்கு அனுப்பிவிட்டால் விண்ணப்பத்தின் நிறமே மாறிவிடும். பழைய கைடுக்குப் போன் போட்டு, இந்தக் கட்டுரையை முடிப்போம் என்று சொல்லட்டும். குழந்தை தூங்குகிற நேரத்தில் நடக்கக்கூடிய வேலைதான். நீங்கள் ஒரு மணிநேரம் பிள்ளையை வைத்துக்கொண்டால் இன்னும் சுலபம்.

வழிகள் உண்டு. மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் வைஸ்-பி.டி.எஃப். திட்டம் பெண்களுக்கானது, குடும்பப் பொறுப்பால் ஆய்வை விட்டு விலகியவர்களையும் மனதில் வைத்தது. அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி நிறுவனத்தின் தேசிய போஸ்ட்டாக் உதவித்தொகை இரண்டு வருடத்துக்கு; வயது வரம்பு 35, பெண்களுக்கு ஐந்து வருடத் தளர்வு என்பது வழக்கம், அந்தந்த வருட அறிவிப்பில் சரிபார்த்துக்கொள்ளட்டும். திட்டங்களில் ஆராய்ச்சி இணையர் பணி வந்தால் தொடக்கமே மாதம் 58,000. ஐரோப்பாவின் மேரி க்யூரி போஸ்ட்டாக்குக்குப் பட்டம் பெற்று எட்டு வருடத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். பிள்ளைக்காக விட்ட காலத்தை அந்தக் கணக்கிலிருந்து கழித்துவிடுவார்கள். இடைவெளியை விண்ணப்பத்தில் மறைக்க வேண்டாம், மன்னிப்பும் கேட்க வேண்டாம். "2022 முதல் குழந்தை வளர்ப்பு" என்று தேதியோடு ஒரு வரி போதும்.

பட்டம் வாங்கிய ஆய்வகத்துக்கே திரும்பிப் போகவேண்டாம் என்பது என் கருத்து. புது இடம், புது முறை ஒன்று கையில் சேர வேண்டும். தாழைப் பரப்பைத் தெரிந்தவர் என்றால் டி.என்.ஏ. முறை தெரிந்த ஆய்வகத்தையோ, செயற்கைக்கோள் படத்தில் தாழைப் பரப்பை அளக்கிற ஆய்வகத்தையோ தேடலாம். வடகடலில், அதாவது பாக் விரிகுடாவில், தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையை ஒட்டி 448 சதுர கிலோமீட்டரில் கடற்பசுப் பாதுகாப்பகம் 2022இல் அறிவிக்கப்பட்டது. அதன் எல்லைக்கு வெளியே, நம் மாவட்டத்துப் பக்கம் தாழை எப்படி இருக்கிறது, ஆவுளியா அங்கே வந்து போகிறதா என்பது ஒரு போஸ்ட்டாக் திட்டத்துக்குத் தாங்கும் கேள்வி. பாருங்கள், நீங்கள் நண்டுவலைப் பக்கமும் அவர் தாழைப் பக்கமும் வேலை செய்தால் ஒரே வீட்டில் ஒரு சின்ன ஆய்வகமே ஆகிவிடும். சிறிய தொகை தருகிற ரஃபோர்ட் அறக்கட்டளைக்கு இருவரும் சேர்ந்தே ஒரு திட்டம் எழுதலாம். உங்களைத் தெரிந்த ஆய்வாளர்களின் பரிந்துரை அதற்கு வேண்டும்.

ஏதாவது ஒரு ஆய்வகத்திலிருந்து "பேசலாம்" என்று பதில் வரும்போது சந்தோஷத்தில் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிடாதீர்கள். எத்தனை மாதத்துக்குப் பணம் இருக்கிறது, தாமதமாக வந்தால் என்ன செய்வார்கள் (அரசுப் பணம் தாமதமாகத்தான் வரும்), களச் செலவை முன்பணமாகத் தருவார்களா, அல்லது கைக்காசைப் போட்டுவிட்டுப் பில் கொடுக்க வேண்டுமா, நீங்கள் சேர்த்த தரவில் வரும் கட்டுரையில் உங்கள் பெயர் எந்த இடத்தில் வரும், விலகினால் தரவு யாரிடம் இருக்கும் என்று கேளுங்கள். பேச்சு முடிந்த அன்றே, "நாம் பேசியது இதுதானே" என்று அவருக்கு ஒரு மெயில் போட்டுவிடுங்கள். அந்த ஆய்வகத்தில் ஏற்கெனவே படித்து வெளியேறிய ஒருவரிடமும், இப்போது இருக்கும் ஒருவரிடமும், முடிந்தால் இருவரும் பெண்களாக, போனில் பேசுங்கள். அவர்கள் தயங்கித் தயங்கிப் பேசினால் அதுவும் பதில்தான்.